பெட்டியை விற்றவர் போன பிறகு

ஒலிப்பதிவுக் கணினியில் லினக்ஸ் போட்டால் என்ன என்று யாராவது வாயெடுத்தாலே, "சாஃப்ட்வேர் எல்லாம் கிடைக்கும், டிரைவர்தான் காலை வாரிவிடும்" என்ற பதில் தயாராக வந்து விழும். இந்தப் பேச்சுக்கு வயது இருபதுக்கு மேல். பிறந்த காலத்தில் அதில் உண்மை நிறையவே இருந்தது. இன்று பாதி உண்மை என்று சொல்லலாம். அதுவும் எந்தப் பெட்டி என்று பார்த்துச் சொல்ல வேண்டிய உண்மை. மலேசியாவில் செந்தூல், பிரிக்ஃபீல்ட்ஸ், கிள்ளான் பக்கம் அடுக்குமாடி வீட்டின் பின்னறையில் இரண்டு மைக், ஓர் ஆடியோ இன்டர்பேஸ், ஒரு பழைய கணினி ஆகியவற்றை வைத்துக்கொண்டு பாட்டும் பக்திப் பாடலும் விளம்பரக் குரலும் பதிவு செய்கிறவர்களுக்கு இது காசு சம்பந்தப்பட்ட கேள்வி. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ கணினிகளை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. புதுக் கணினி வாங்குவதா, இருப்பதில் லினக்ஸ் போடுவதா என்று யோசிக்கும்போது முதலில் மிரட்டுவது இந்த டிரைவர் பயம்தான். என் கட்சி இது: டிரைவர் நிலையாக ஓடுமா என்பதைத் தீர்மானிப்பது இயங்குதளத்தின் பெயர் கிடையாது. கணினியில் மற்றதெல்லாம் மாறும்போது அந்த டிரைவரையும் யார் கூடவே திருத்திக்கொண்டு வருகிறார் என்பதுதான் தீர்மானிக்கிறது. அந்த ஆள் யார் என்று கேட்டு வாங்கினால் லினக்ஸ் ஸ்டுடியோ நம்பத் தகுந்தது. கேட்காமல் வாங்கினால் எந்த இயங்குதளத்திலும் ஒருநாள் மாட்டிக்கொள்வோம்.

டிரைவருக்கு என்ன அப்படி ஒரு நெருக்கடி என்று முதலில் பார்த்துவிடலாம். மைக்கில் வரும் ஒலியை எண்களாக்கிக் கணினிக்கு அனுப்புவதும், கணினி தரும் எண்களைத் திரும்ப ஒலியாக்கி ஹெட்போனுக்குத் தருவதும் இன்டர்பேஸின் வேலை. அந்தப் பெட்டிக்கும் இயங்குதளத்துக்கும் நடுவில் நின்று கைமாற்றிவிடும் நிரல் டிரைவர். படம் பார்க்கும்போது கணினி ஒலியை முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொண்டு நிதானமாகக் கொடுக்கலாம். பாடுகிறவருக்கு அப்படிக் கொடுக்க முடியாது. தன் குரலே காதில் பிந்தி விழுந்தால் தாளம் தடுமாறும். 10 மில்லிவினாடியைத் தாண்டினாலே பலருக்கு உறுத்த ஆரம்பித்துவிடும். அதனால் ஒலியைச் சிறு சிறு தவணைகளாகக் கைமாற்றுகிறார்கள். வினாடிக்கு 48,000 சாம்பிள் என்ற கணக்கில், தவணைக்கு 128 சாம்பிள் என்று வைத்தால் கணினிக்குக் கிடைக்கும் அவகாசம் சுமார் 2.7 மில்லிவினாடி. அதற்குள் எண்களை வாங்கி, எதிரொலியும் ஈக்வலைசரும் சேர்த்து, திருப்பிக் கொடுத்தாக வேண்டும். வினாடிக்கு 375 முறை இந்தக் கொடுக்கல் வாங்கல் நடக்கிறது. மூன்று மணி நேரப் பதிவில் 40 லட்சம் முறை. அதில் ஒரே ஒரு தவணை பிந்தினாலும் 'டக்' என்று ஒரு சத்தம் பாட்டில் ஏறிவிடும். லினக்ஸ்காரர்கள் இதை எக்ஸ்-ரன் என்பார்கள். ஆயிரம் தவணை சீக்கிரம் முடிந்து ஒன்று பிந்தினாலும் பதிவு கெட்டதுதான். சராசரி வேகத்தைக் காட்டி இங்கே தப்பிக்க முடியாது.

சர்வர்களுக்கென்று பதப்படுத்தப்பட்ட லினக்ஸுக்கு இந்த நேரம் தவறாமை ஆரம்பத்தில் இயல்பாக வரவில்லை. மொத்த வேலை அதிகம் நடந்தால் போதும், ஒரு வேலை சற்றுக் காத்திருந்தால் பரவாயில்லை என்பது அதன் வளர்ப்பு. இங்கோ மோல்நார், தாமஸ் கிளைக்ஸ்னர் போன்றவர்கள் அவசர வேலைக்கு உடனே வழிவிடும்படி லினக்ஸின் மையமான கெர்னலை மாற்றும் ஒட்டுகளை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தனியாகவே பராமரித்து வந்தார்கள். ஸ்டுடியோவுக்கு லினக்ஸ் வேண்டுமென்றால் அந்த ஒட்டுகளைத் தேடிப்பிடித்துப் போட வேண்டியிருந்த காலம் அது. 2024 செப்டம்பரில் கடைசித் துண்டும் மூலக் கெர்னலுக்குள் சேர்ந்தது. அந்த நவம்பரில் வந்த 6.12 பதிப்பிலிருந்து, கெர்னலைக் கட்டும்போதே அதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். கெட்ட பேருக்கு அன்று இன்னொரு காரணமும் இருந்தது. வீட்டுக் கணினியின் சாதாரணச் சத்தங்களுக்கு பல்ஸ்ஆடியோ, ஸ்டுடியோ வேலைக்கு ஜாக் என்று இரண்டு ஒலிச் சேவைகள் ஒரே பெட்டிக்காக மல்லுக்கட்டும். பிரவுசரில் ஒரு வீடியோ ஓடினால் பதிவு நிரலுக்குப் பெட்டி கிடைக்காது. பழி டிரைவர் மேல் விழும். விம் டேமன்ஸ் எழுதிய பைப்வயர் இரண்டு வேலையையும் ஒன்றே பார்க்கும்படி செய்தது. 2021-இல் ஃபெடோரா 34-உம், 2022-இல் உபுண்டு 22.10-உம் அதற்கு மாறின. பழைய புகார்களில் ஒரு பெரும் பங்கு அத்தோடு செல்லாக்காசாகிவிட்டது. புகார் செய்தவர்கள் பலர் அதற்கு முன்பே கிளம்பிப் போய்விட்டதால் செய்தி மட்டும் அவர்களிடம் போய்ச் சேரவில்லை.

இப்போது பெட்டிகளுக்கு வருவோம். யூஎஸ்பி வழியாக ஒலி போக ஒரு பொது வரையறை 1998-இலும், அதன் இரண்டாம் பதிப்பு 2006-இலும் வந்தன. வரையறைப்படி நடக்கும் பெட்டிக்கு நிறுவனத்தின் தனி டிரைவர் தேவையில்லை, செருகினால் பேசும். கடைக்காரர்கள் 'கிளாஸ் கம்ப்ளையன்ட்' என்று சொல்வது இதைத்தான். இரண்டாம் பதிப்பை லினக்ஸ் 2010-இலேயே ஏற்றுக்கொண்டது. விண்டோஸ் 2017 வரை காத்திருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பெட்டியோடு டிரைவர் சிடி வந்ததே விண்டோஸுக்கு அது தேவைப்பட்டதால்தான். சிடியில் லினக்ஸ் பெயர் இல்லாததைப் பார்த்துவிட்டு, லினக்ஸில் ஓடாது என்று நாம் முடிவுகட்டினோம். இதில் லினக்ஸுக்குப் பெரிய உதவி செய்தது ஆப்பிள் என்பது ஒரு வேடிக்கை. ஐபேடில் நிறுவன டிரைவர் போட நெடுங்காலம் இடமே கிடையாது. ஐபேட் வைத்திருப்பவருக்கும் பெட்டி விற்க வேண்டும் என்று ஆசைப்பட்ட நிறுவனங்கள் பொது வரையறைக்குப் பணிய வேண்டியதாயிற்று. ஜெர்மனியின் ஆர்எம்இ போன்ற உயர்தர நிறுவனமும் தன் யூஎஸ்பி பெட்டிகள் சிலவற்றில் அதற்கென்றே தனி முறை ஒன்றை வைத்தது. அந்த முறையில் அவை லினக்ஸிலும் பேசுகின்றன.

வரையறை இருந்தால் போதுமா என்றால், போதாது. பெட்டிக்குள் ஒரு கடிகாரம், கணினிக்குள் ஒரு கடிகாரம். இரண்டும் வினாடிக்கு 48,000 என்றே சொல்லிக்கொண்டாலும் இம்மியளவு வித்தியாசம் இருக்கும். மணிக்கணக்கில் ஓடினால் அது சேர்ந்துவிடும். ஆகவே தனக்கு எவ்வளவு வேகத்தில் சாம்பிள் வேண்டும் என்பதைப் பெட்டி கணினிக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சில பெட்டிகள் இதைத் தனிச் செய்தியாக அனுப்பும். சில வாயே திறக்காது. மைக் பக்கமிருந்து எத்தனை வருகிறதோ அத்தனையை ஹெட்போன் பக்கம் திருப்பி அனுப்பு, அதுவே அளவு என்று எதிர்பார்க்கும். அப்படி எதிர்பார்ப்பதைத் தன் விவரக்குறிப்பில் ஒழுங்காக எழுதி வைத்திருந்தால் வம்பில்லை. எழுதாமல் விட்ட பெட்டிகளும் தப்பாக எழுதிய பெட்டிகளும் சந்தையில் ஏராளம். விண்டோஸில் இந்தக் குளறுபடியை நிறுவனத்தின் டிரைவர் மூடி மறைத்துவிடும். லினக்ஸின் யூஎஸ்பி ஒலி டிரைவருக்குள் 'குவர்க்ஸ்' என்று இதற்கு ஒரு பட்டியலே இருக்கிறது. தயாரிப்பாளர் எண், பொருள் எண், பக்கத்தில் அந்தப் பெட்டியின் கோணல் புத்திக்கு ஏற்ற மருந்து. ரோலண்ட், யமஹா, எம்-ஆடியோ, பயனியர் என்று பழையதும் புதியதுமாக நீளும் பட்டியல். பெட்டி வேலை செய்யாமல் தவித்த யாரோ ஒருவர் விவரம் அனுப்ப, இன்னொருவர் திருத்த, சூசே நிறுவனத்தைச் சேர்ந்த தகாஷி இவாய் போன்ற பராமரிப்பாளர்கள் பார்த்துச் சேர்த்துக்கொள்ள, இப்படி வளர்ந்தது அது. பார்க்க அழகாக இருக்காது. ஆனால் லினக்ஸ் ஸ்டுடியோவின் நிலைத்தன்மையில் பெரும்பகுதி இந்த அழகில்லாத பட்டியலில்தான் உட்கார்ந்திருக்கிறது.

அந்தப் பட்டியல் கெர்னலுக்குள் இருப்பது முக்கியம். லினக்ஸ் கெர்னல் ஒன்பது பத்து வாரங்களுக்கு ஒருமுறை புதிதாக வருகிறது. வெளியே ஓடும் நிரல்களை உடைக்கக் கூடாது என்பதில் லினஸ் டோர்வால்ட்ஸ் கறாரானவர். கெர்னலின் உள் உறுப்புகள் ஒன்றோடொன்று பேசும் முறைக்கோ எந்த உத்தரவாதமும் கிடையாது. எப்போது வேண்டுமானாலும் மாறும். அப்படி மாற்றுகிறவர், கெர்னலுக்குள் இருக்கும் எல்லா டிரைவர்களையும் தானே திருத்திக் கொடுக்க வேண்டும் என்பது அங்கே நடைமுறை. வெளியில் தனியாக நிற்கும் டிரைவரை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். செந்தூல்வாசிகளுக்கு இது புரிவது எளிது. மலாயா ரயில்வேயின் மத்தியப் பட்டறை இங்கேதான் இருந்தது. ரயில்வேயின் பழைய கட்டடம் ஒன்றில்தான் 2005 முதல் கோலாலம்பூர் அரங்கக் கலை மையம் இயங்குகிறது. நீராவி எஞ்சின்கள் பெரும்பாலும் பிரிட்டனில் செய்யப்பட்டவை. ஆனால் தண்டவாளத்தில் அவற்றை ஓடவைத்தது செய்தவரின் முத்திரை இல்லை. தேய்ந்ததைக் கழற்றிக் கடைந்து மாட்டிய பட்டறைத் தொழிலாளர்கள்தான், அவர்களில் தமிழர்கள் ஏராளம். கெர்னலுக்குள் இருக்கும் டிரைவர் பட்டறை வளாகத்துக்குள் நிற்கும் எஞ்சின். வெளியே நிற்பதற்குச் செய்தவர் வந்தால்தான் உண்டு. லினக்ஸில் அப்டேட் போட்டதும் டிரைவர் செத்தது என்ற புகார்களைப் பிரித்துப் பார்த்தால், கணிசமானவை இந்த வெளி டிரைவர்களைப் பற்றியவையாகவே இருக்கும்.

இதற்கு என்னிடமுள்ள வலுவான சாட்சி, யூஎஸ்பி போல இன்னோர் இணைப்பு முறையான ஃபயர்வயர். யோகி பி - நட்சத்ரா குழுவின் 'வல்லவன்' ஆல்பம் வந்த 2006 வாக்கில், நாலைந்து மைக்குக்கு மேல் ஒரே நேரத்தில் பதிவு செய்ய நினைத்த சிறு ஸ்டுடியோக்களுக்கு ஃபயர்வயர் பெட்டிகள்தான் கைகொடுத்தன. ஃபயர்வயரை வளர்த்ததில் ஆப்பிளுக்குப் பெரும் பங்குண்டு. வளர்த்தவரே கைவிட்ட கதை இது: மேக் கணினிகளிலிருந்து முதலில் அந்தத் துளை போனது, அடாப்டர் வைத்து ஓட்டினார்கள், 2025-இல் வந்த மேக் இயங்குதளம் டாஹோவில் மென்பொருள் ஆதரவே போய்விட்டது. பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை, மைக் பிரீ-ஆம்ப் அப்படியே இனிக்கிறது, ஆனால் புது மேக்கில் அது பேப்பர் வெயிட். லினக்ஸிலோ எதிர்த்திசையில் நடந்தது. முதலில் எஃப்எஃப்ஏடிஓ என்ற தன்னார்வத் திட்டம் கெர்னலுக்கு வெளியே இந்தப் பெட்டிகளை ஓட்டியது. பிறகு ஜப்பானைச் சேர்ந்த தகாஷி சாகாமோட்டோ ஒவ்வொரு வகைப் பெட்டியாக எடுத்து, 2014 முதல் கெர்னலுக்குள்ளேயே டிரைவர்களைச் சேர்க்கத் தொடங்கினார். அவற்றுள் ஒன்றை மட்டும் அருகில் போய்ப் பார்ப்போம். டிஜிடிசைன் 002, 003 என்ற பெட்டிகள் புரோ டூல்ஸோடு சேர்த்து விற்கப்பட்டவை. அவை கணினியிலிருந்து வரும் ஒலி எண்களை நேராக ஏற்காது. ஒரு குறிப்பிட்ட முறையில் கலைத்து அனுப்பினால்தான் ஏற்கும். அந்த முறையை நிறுவனம் வெளியிடவில்லை. டேமியன் ஸாமிட், ராபின் கேரியஸ் என்ற இருவர், போகும் எண்களையும் வரும் எண்களையும் வைத்துப் புதிர் அவிழ்ப்பதுபோல் அதைக் கண்டுபிடித்தார்கள். அதை வைத்து சாகாமோட்டோ எழுதிய டிரைவர் 2016 தொடக்கத்தில் வந்த 4.4 கெர்னலில் சேர்ந்தது. செய்தவர்கள் தம் புதிய மென்பொருளில் ஆதரவை விட்டுவிட்ட பெட்டி, கேட்காமலே வந்தவர்கள் கையால் ஓடுகிறது.

"நாலு பேர் ஓய்வு நேரத்தில் எழுதியதை நம்பித் தொழில் செய்ய முடியுமா" என்பது நியாயமான கேள்வி. நிறுவனம் என்றால் பெரிய படை இருக்கும் என்ற நினைப்பு இதற்குள் ஒளிந்திருக்கிறது. ஒரு பெட்டியின் டிரைவரைப் பார்ப்பது நிறுவனத்திலும் சிலரே; பெட்டி விற்பனை நின்றதும் அவர்களை வேறு வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். தவிர, எல்லாமே ஓய்வு நேர வேலையும் அல்ல. ஆர்எம்இ தன் வன்பொருள் விவரங்களை லினக்ஸ்காரர்களுக்குக் கொடுத்ததால் ஹேமர்ஃபால் அட்டைகளுக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே டிரைவர் கிடைத்தது. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட்டின் கதை வேறு மாதிரி. இரண்டாம் தலைமுறைப் பெட்டிகள் செருகினால் ஒலி தரும். உள்ளே இருக்கும் மிக்ஸரைத் தொட விண்டோஸோ மேக்கோ வேண்டும். ஜெஃப்ரி பென்னட், கேபிளில் போய்வரும் செய்திகளை ஒட்டுக்கேட்டு அந்த மிக்ஸருக்கான டிரைவரை எழுதினார். 2019-இல் அது கெர்னலில் நுழைந்தது. மூன்றாம் தலைமுறை, நான்காம் தலைமுறை என்று தொடர்ந்தது. பின்னால் நிறுவனத்தின் ஒத்துழைப்பும் கிடைத்தது. லினக்ஸில் ஸ்கார்லெட்டுக்கு அவர் செய்த கட்டுப்பாட்டுத் திரை, எந்தக் குரல் எந்த ஹெட்போனுக்குப் போகிறது என்பதைக் கோடு இழுத்துக் காட்டுகிறது. சில நூறு ரிங்கிட்டில் ஆரம்பிக்கும் பெட்டி வரிசைக்கு இந்த அளவு கவனிப்பு கிடைப்பது பெரிய விஷயம்.

அப்டேட் வந்தால் ஓடிக்கொண்டிருப்பதும் நின்றுவிடுகிறதே என்பது அடுத்த ஆட்சேபம். நடக்கிறது. மேலே சொன்ன, வாய் திறக்காத பெட்டிகளின் வேகக் கணக்கை 2021 பிப்ரவரியில் வந்த 5.11 கெர்னலில் பெருமளவு திருத்தி எழுதினார்கள். பல பெட்டிகள் புதிதாகப் பேச ஆரம்பித்தன. அதுவரை ஒழுங்காகப் பேசிய சில பெட்டிகள் மக்கர் செய்தன. அடுத்தடுத்த பதிப்புகளில் சரிசெய்தார்கள் என்றாலும், அந்தச் சில வாரங்களில் பாட்டை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தவருக்கு அது ஆறுதலாக இருந்திருக்காது. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பெரும்பாலான லினக்ஸ் வகைகள் பழைய கெர்னலைத் தூக்கி எறிவதில்லை. கணினி தொடங்கும்போது வரும் பட்டியலில் முந்தைய பதிப்பைத் தேர்ந்தெடுத்தால் நேற்றைய நிலைமைக்கே திரும்பிவிடலாம். நீண்டகால ஆதரவுள்ள பதிப்பு ஒன்றிலேயே தங்கி, பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் வாங்கிக்கொள்ளவும் வழியுண்டு. மேக்கில் புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் ஒலிக்கருவி நிறுவனங்கள் "பொறுங்கள், இப்போதே மாறாதீர்கள்" என்று எச்சரிக்கை விடுவதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். தைப்பூசத்துக்கு முன் பக்திப் பாடல் வேலை கழுத்தை நெரிக்கும் வாரத்தில் அப்டேட் பொத்தானை அமுக்குவது எந்த இயங்குதளத்திலும் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதுதான்.

ஒப்புக்கொள்ள வேண்டியதும் உண்டு. யுனிவர்சல் ஆடியோவின் அப்பல்லோ தண்டர்போல்ட் பெட்டிகள் கையில் இருக்கிறவர் லினக்ஸ் பக்கம் வர வேண்டாம்; அவற்றுக்கு நிறுவனம் லினக்ஸ் டிரைவர் தரவில்லை, பெட்டியின் மதிப்பே அதற்குள் ஓடும் எஃபெக்ட்களில் இருக்கிறது. மிருதங்கம், தபேலா, நாதஸ்வர ஒலித் தொகுப்புகளைக் கொன்டாக்ட் என்ற நிரலுக்காக வாங்கி வைத்திருப்பவருக்கும் சங்கடம்தான். கொன்டாக்டுக்கு லினக்ஸ் பதிப்பு இல்லை. மாற்று வழியில் ஓட்டலாம் என்றாலும் தொழிலை அதன் மேல் கட்ட நான் சொல்ல மாட்டேன். ஆனால் கொன்டாக்ட் சங்கடம் டிரைவர் பிரச்சினை கிடையாது. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி "லினக்ஸ் சரிப்படாது" என்று சொல்வதால்தான், குரலையும் நேரடி வாத்தியத்தையும் மட்டும் பதிவு செய்கிற ஒருவர், ஆர்டர், ரீப்பர் போன்ற பதிவு நிரல் ஒன்றை வைத்து நிம்மதியாக ஓட்டியிருக்கக்கூடிய ஒருவர், தேவையில்லாமல் கடன்பட்டுப் புதுக் கணினி வாங்குகிறார். பெட்டி அடிக்கடி துண்டிக்கப்படுகிறது என்ற புகாரிலும் மலிவு யூஎஸ்பி ஹப், தளர்ந்த கேபிள், மின்சேமிப்புக்காகத் துளையை அணைத்துவிடும் அமைப்பு ஆகியவற்றை விலக்கிவிட்டுத்தான் டிரைவரைச் சந்தேகிக்க வேண்டும்.

ஆக, லோயாட் பிளாசாவிலோ இரண்டாம் கை சந்தையிலோ பெட்டி பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. பொது வரையறைப்படி நடக்கிறதா, டிரைவர் கெர்னலுக்குள் இருக்கிறதா, மிக்ஸரைக் கணினியில்தான் மாற்ற வேண்டுமா அல்லது பெட்டியின் முகப்பிலேயே குமிழ் இருக்கிறதா? விற்பவர் சம்மதித்தால், லினக்ஸ் ஏற்றிய ஒரு பென்டிரைவில் மடிக்கணினியைத் தொடங்கி, 128 சாம்பிளில் பத்து நிமிடம் பதிவு ஓடவிட்டுப் பார்ப்பது அட்டைப்பெட்டியில் அச்சடித்திருக்கும் எதையும்விட நம்பகமானது. ஃபயர்வயர் பெட்டி மலிவாகக் கிடைக்கிறது என்று ஆசைப்படுகிறவர் மேசைக் கணினியில் டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சில்லு உள்ள ஃபயர்வயர் அட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டால் பாதித் தலைவலி குறையும். எத்தனை காலத்துக்கு என்றால், அதற்கும் பதில் இருக்கிறது. 2023-இல் லினக்ஸின் ஃபயர்வயர் பகுதி முழுவதற்கும் பொறுப்பேற்ற சாகாமோட்டோ, 2029 வரை அதைப் பார்த்துக்கொள்வதாகவும், அதற்குள் பயனர்கள் வேறு வகைக்கு மாற ஏற்பாடு செய்துகொள்ளும்படியும் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். பெட்டியைச் செய்து விற்ற எந்த நிறுவனமும் தன் டிரைவருக்கு இத்தனை ஆண்டு முன்னதாகக் கெடு குறித்துக் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.